போய்ட்டு வா

14 நவம்பர் 2024, வியாழன்

செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் ஒரு சிறு பிழை. நான் கிளம்பும்போது சாவியோ "போய்ட்டு வா" என்றதாக எழுதியிருக்கிறேன். அவன் "போ" என்று மட்டும்தான் சொன்னான்.

லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில் குறிப்பெடுப்பதில் நான்தான் ஒழுங்கு என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

சாவியோ துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் குறிப்பவன். ராயபுரத்தில் தன் அக்கா சில்வியா வீட்டு மாடியறையில் இருந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே ரத்தக்காட்டேரிப் படம் ஓடும். மெக்சிகோ, கொரியா, ருமேனியா என எந்த நாட்டுப் படம் போட்டாலும் நான் ஒரு விதிக்காகத்தான் காத்திருப்பேன்.

"கூப்டாம வூட்டுக்குள்ள வராதுமே அது," என்பான் சாவியோ. "எங்க சொந்தக்காரனுங்கள விட மரியாத தெரிஞ்ச பேயி."

ஊசி பழகக் கை கேட்டேன். நீட்டினான். முதலில் ஒரு குழாய் ரத்தம், பிறகு நான்கு. எதையும் வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை. மாடிப்படியில் நின்று குடித்துவிடுவேன். காரணம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பசி என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை.

ஆனால் அழைக்காமல் போனதில்லை. ஒவ்வொரு முறையும் "போய்ட்டு வா" என்பான். அதில் "வா" இருக்கிறது. தேதி போட்டு எழுதிக்கொள்வேன்.

அக்டோபரில் அவனுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. "இன்னாமே, படத்துல வர்றவனே வாரத்துக்கு ஒருக்காதான் கடிக்கிறான்," என்று சிரித்தான். இந்தச் செவ்வாயன்று சிரிக்கவில்லை. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "போ" என்றான்.

சோர்வில் மிச்சத்தை விழுங்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். புதன் மதியம், சில்வியா வேலைக்குப் போயிருந்த நேரம், மூன்று காலி ரத்தப் பைகளோடு போனேன். முதல் பை நிறையும்போது, "வேணாம் மாயா," என்றான். கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது பை பாதிதான் நிறைந்தது.

ரத்தசோகை என்று தெருவே பேசுகிறது. இன்று துக்கம் கேட்கப் போனேன். வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்தேன். சாவு வீட்டில் யாரும் வரச்சொல்ல மாட்டார்கள். அழுத அழுகையில் சில்வியாவுக்கு அது மறந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "போய்ட்டு வா மாயா," என்றாள்.

இம்முறை பிழையில்லை. "என்னக்கா?" என்று திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

நாளை: காலை பத்துக்கு அடக்கம். மாலை ஆறுக்கு வகுப்பு. இடையில் சில்வியா வீடு. புது ஊசி வாங்க வேண்டும்.