மேனேஜரின் தக்காளிச் செடி

ஜோகுபாளையம் பக்கம் பஸ் நகராமல் நின்றபோது, முன் சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "எங்க மேனேஜர் என்னப் பத்தி என்கிட்டயே கம்ப்ளெய்ன்ட் பண்றாருடி."

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

ஆபீசில் கம்ப்யூட்டர், பிரிண்டர் பழுதானால் பார்ப்பது அவள் வேலை. வீட்டுக்குப் போனால், இணையத்தில் ஒரு மாடித்தோட்டக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சும்மா உதவுகிறாளாம், வேறொரு பெயரில்.

"ஒருத்தரு தக்காளிச் செடி போட்டோ ஏத்தத் தெரியாம மூணு நாளா உயிர எடுத்தாரு. ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கன்னேன். பாத்தா ஸ்கிரீன் மேல எங்க ஆபீஸ் மெயில், அவரு பேரு. எங்க மேனேஜரு!"

"ஐயோ! அப்புறம்?"

"எப்படியோ போட்டோ ஏறிடுச்சி. உடனே எழுதறாரு, 'உங்க பொறுமை யாருக்கும் வராது மேடம். எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, டவுட் கேட்டாலே எரிஞ்சி விழறா'ன்னு."

"அடப்பாவி!"

"சுருக்குன்னுதான் இருந்துச்சி. உண்மைதானேடி? 'பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி இருக்கும் சார், அன்பா கேட்டுப் பாருங்க'ன்னு போட்டேன்."

"கேட்டாரா?"

"நேத்து ஸ்வீட் பாக்ஸோட வந்து நிக்கறாரு. 'பிரிண்டர் ஓடலம்மா, டைம் இருந்தா கொஞ்சம் பாக்கறியா'ன்னு."

"சக்கத், சூப்பர்டி! ஓடிப் போய் சரி பண்ணிட்டியா?"

"'ஸ்வீட்ட இங்க வெச்சிட்டு, பிரிண்டர் கம்ப்ளெய்ன்ட்ட மெயில்ல போடுங்க சார்'னேன்."