கோத்துன்னா இன்னா?

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அப்பாவும் கல்லூரி வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய உடை, உதடு, நகம் எல்லாமே கறுப்பு.

“அக்கா நிச்சயத்துக்கு இப்டியா வருவ? எவனாச்சும் செத்துட்டானா?” என்றார் அப்பா.

“இதுக்குப் பேரு கோத்துப்பா. வெளிநாட்ல இப்டி கறுப்பா உடுத்திகினு ஒரு கூட்டம் கீது.”

“அப்டின்னா இன்னா? சாத்தான் கும்பலா? நெட் சென்டர்ல இதத்தான் கத்துகினியா?”

“இல்லப்பா. துக்கத்த மறைக்காதவங்கன்னு அர்த்தம். அம்மா போய் வருசங்கூட ஆவல. எல்லாரும் சிரிச்சிகினு கீறீங்க.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் நெருங்கியதும் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார்.

“உதட்ட மட்டும் தொடச்சிக்கோ. மத்தத சம்பந்தி வூட்ல கேட்டா, உங்கம்மாவுக்காகன்னு நானே சொல்றேன்.”