கரை சேர்ந்த பெட்டி

ராஜம்மா: அப்போ நீ வரமாட்டே... அப்டித்தானே?

சகாதேவன்: நானும் வரல, நீயும் போவல.

ராஜம்மா: உன்கிட்ட உத்தரவு கேக்கலண்ணா. கூட வரியான்னு தான் கேட்டேன்.

சகாதேவன்: இன்னா பேச்சு இது? புருசன் போயி பதினாலு நாளு தான் ஆவுது. துரை பங்களாவுக்குக் கச்சேரி கேக்கப் போறேன்னா ஊரு இன்னா சொல்லும்?

ராஜம்மா: ஊருக்கு இன்னா, அதுக்கு வாய் கீது, சொல்லும்.

சகாதேவன்: அந்த லோகநாயகி ஒருத்தி போதும். பொன்னேரி சந்தை வரைக்கும் போயி சொல்லிட்டு வருவா. தருமன் பொண்டாட்டி பாட்டு கேக்கப் போனான்னு.

ராஜம்மா: பாட்டு இல்ல. பியானோ. விரலால தட்டி வாசிக்கிறதாம். செசிலியா சொன்னா.

சகாதேவன்: துரை வூட்ல சமைக்கிறாளே, அந்த செசிலியாவா? வேற இன்னா சொன்னா?

ராஜம்மா: ஏன் இப்டிப் பதறுற?

சகாதேவன்: பதறல... சும்மா கேட்டேன். சொல்லு.

ராஜம்மா: வாசிக்கிறவரு ஒல்லாந்துலருந்து பத்தாவியா பட்டணத்துக்குப் போறவராம். கப்பலு இங்க நிக்கற வரைக்கும் நம்ம துரை வூட்ல ஒரு சாயங்காலம் வாசிக்கறதா பேச்சாம். அதுக்குத் தான் பியானோ இருந்த அந்தப் பொட்டிய எறக்கினாங்க. எறக்கறப்போ ஒரு ஆளு செத்துட்டான்னு கேள்விப்பட்டாராம்... அன்னிலருந்து அதைத் தொடவே இல்லையாம்.

சகாதேவன்: தொடாதவன் தொடாமலே கப்பல் ஏற வேண்டியது தானே.

ராஜம்மா: நாளைக்கு சாயங்காலம் வாசிக்கிறாரு. செத்தவன் பொஞ்சாதி வந்து ஒக்காந்தா தான் வாசிப்பேன்னுட்டாராம். எனக்கு முன்னால பாய் போட்டு வெப்பாங்களாம்.

சகாதேவன்: பாயி! அவனுங்களுக்கு நாற்காலி, உனக்குப் பாயி.

ராஜம்மா: நாற்காலி போட்டா மட்டும் நீ என்னை வுட்டுடப் போறியா?

சகாதேவன்: உனக்குப் புரியல. நடுவுல ஒக்கார வெச்சு வேடிக்க பாப்பானுங்க. இதோ பாருங்க, செத்தவன் பொண்டாட்டின்னு.

ராஜம்மா: பாத்துட்டுப் போவட்டும். பதினாலு நாளா இந்த ஊரு பாக்கலியா?

சகாதேவன்: இங்கிலீசுக்காரன் போனான், ஒல்லாந்துக்காரன் திரும்ப வந்தான். எவன் வந்தா இன்னா... அலையில எறங்கறது நாம தான். அவனுங்களுக்கு ஒரு சாயங்காலம் பொழுது போவணும், அதுக்கு நம்மூட்டு ஆளு...

ராஜம்மா: இரு... இருண்ணா. அதோ, முகத்துவாரத்துக்குக் கிட்ட... கருப்பா மெதக்குதே, அது இன்னா?

சகாதேவன்: எங்க?

ராஜம்மா: அந்தத் திட்டுக்கு இந்தாண்ட. அசையுது பாரு.

சகாதேவன்: ...தென்னை மட்டை ராஜம்மா.

ராஜம்மா: நல்லா பாத்தியா?

சகாதேவன்: மட்டை தான். எழுந்துக்காத, ஒக்காரு.

ராஜம்மா: ...ம்.

சகாதேவன்: காத்தால வந்து இந்த மணல்ல ஒக்கார்ற. கஞ்சி கூட குடிக்கறதில்ல. நாங்களும் ரெண்டு படகுல ஏரி பூரா தேடிட்டோம். வூட்டுக்குப் போலாம் வா.

ராஜம்மா: போலாம். நாளைக்கு சாயங்காலம் கூட வரேன்னு சொல்லு, போலாம்.

சகாதேவன்: மறுபடியும் அதே! தீட்டு வூடு. கழுத்துல இன்னும் தாலி கீது. பொணம் கெடைக்கல...

ராஜம்மா: அதான் சொல்றேன். நாளான்னிக்குப் பதினாறு. புல்லுல ஒரு உருவம் செஞ்சு, அதான் தருமன்னு கொளுத்துவீங்க. தாலியக் கழட்டி என்னை மூலையில ஒக்கார வெச்சிடுவீங்க. அப்பறம் ஒரு வருசம் வாசப்படி தாண்ட முடியுமா? எனக்கு நாளைக்கு ஒரு நாளு தாண்ணா கீது. சின்னப் புள்ளையில ஆரம்பாக்கத்துக் கூத்துக்கு நைனா போவ வேணாம்னாரு. நீ தானே தோள்ல தூக்கிகினு போனே? அடியும் நீ தான் வாங்கினே.

சகாதேவன்: கூத்து பாக்காம தூங்கி வழிஞ்சியே, அதுக்கா அடி வாங்கினேன்னு அன்னிக்கே நெனச்சேன்.

ராஜம்மா: நாளைக்குத் தூங்க மாட்டேன்.

சகாதேவன்: ...வேணாம்மா. அந்தச் சத்தம் உனக்கு வேணாம். நான் சொல்றதைக் கேளு.

ராஜம்மா: அந்தச் சத்தம்னா? நீ கேட்டிருக்கியா?

சகாதேவன்: இல்ல... எப்டி இருக்குமோன்னு சொன்னேன்.

ராஜம்மா: ஒண்ணு கேக்கறேன். படகு சாயறப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க?

சகாதேவன்: உனக்குத் தெரியாததா?

ராஜம்மா: சொல்லேன். படகை நடத்தற தண்டல் நீ. நீ தானே சொல்லணும்.

சகாதேவன்: 'தள்ளு'ன்னு ஒரு கொரல் குடுப்பேன். ஏத்தின சரக்கைத் தண்ணில தள்ளிடுவானுங்க. துரையே அதுக்கு ஒண்ணும் கேக்க முடியாது. சரக்கு போனா வேற வரும், ஆளு போனா வருமா? முகத்துவாரத்துல எல்லாப் படகுக்கும் அதான் சட்டம்.

ராஜம்மா: அன்னிக்கு ஏன் தள்ளல?

சகாதேவன்: எத்தனை வாட்டி சொல்றது? பொணம்னு நெனச்சோம். ஆளு நீளத்துக்குப் பொட்டி. தகரம் அடிச்சு, கருப்புத் துணி சுத்தி... ஒல்லாந்துக்காரன் அதுமாரி பொட்டியில தானே பொணத்தை வெச்சுப் பொதைக்கிறான்? பாத்ததும் அப்டித் தான் தோணிச்சு.

ராஜம்மா: பாத்ததும்...

சகாதேவன்: ஆமா. நம்பி ஏத்தின பொணத்தை எவன் தண்ணில தள்ளுவான்? தள்ளினா அப்பறம் அந்தப் படகுல ஒருத்தன் ஏறுவானா? பொணம்னா கரை சேத்தே ஆவணும். அது உனக்கே தெரியும்.

ராஜம்மா: தெரியும். நல்லாத் தெரியும்.

சகாதேவன்: பொறவு இன்னா? முடிஞ்சுது. வா, போலாம்.

ராஜம்மா: செசிலியா சொன்னா, துரையோட துபாஷி என் பக்கத்துலயே நிப்பாராம். அந்த பியானோக்காரர் என்கிட்ட பேசறதை அவரு தமிழ்ல சொல்லுவாராம்.

சகாதேவன்: துபாஷியா... அவன் வாயத் தொறந்தா பொய்யி. அவன் பேச்சை நம்பாதே.

ராஜம்மா: பியானோக்காரர் சொல்றதைத் தானே சொல்லப் போறாரு? அதுல இன்னா பொய்யி?

சகாதேவன்: வேற எதுனாவும் சொல்லுவான்.

ராஜம்மா: வேற இன்னா?

சகாதேவன்: ஒண்ணும் இல்ல.

ராஜம்மா: அண்ணா... என் மூஞ்சியப் பாத்து சொல்லு. வேற இன்னா?

சகாதேவன்: பொழுது ஆவுது, எழுந்திரு.

ராஜம்மா: சரி, வுடு. நாளைக்கு அவரையே கேட்டுக்கறேன்.

சகாதேவன்: இரு. போவாத... ஒக்காரு. அவன் சொல்லி நீ கேக்க வேணாம். அந்தப் பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் ராஜம்மா.

ராஜம்மா: எப்போலருந்து?

சகாதேவன்: முந்தின நாளே. துபாஷி கூப்ட்டு சொன்னான். உள்ள பியானோ கீது, படகு சாஞ்சா நீங்க எல்லாத்தையும் தள்ளிடுவீங்க, இது மட்டும் போவக் கூடாதுன்னான். நான் தான்... எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பொணம்னு சொல்லிட்டா எவனும் தள்ள மாட்டான்னேன். அவன் சிரிச்சான். கெட்டிக்காரன்டா நீன்னு முதுகுல தட்டினான். இனிமே கப்பலு வந்தா மொத சரக்கு உம் படகுக்குத் தான்னான். எனக்கும் பெருமையாத் தான் இருந்துச்சு. அன்னிக்கே ஆளுங்களக் கூப்ட்டு சொல்லிட்டேன், நாளைக்குப் பொணம் எறக்கறோம்னு.

ராஜம்மா: ம்.

சகாதேவன்: ம்னு சொல்லாத. ஏதாவது கேளு.

ராஜம்மா: நீ சொல்லி முடி.

சகாதேவன்: ரெண்டாவது அலையில படகு சாஞ்சிடுச்சு. பொட்டி போயி மோதிச்சு. உள்ளருந்து ஒரு சத்தம்... ம்ம்ம்னு... ஆளு முனகற மாரி. மத்தவனுங்க மூணு பேரும் பயந்து குதிச்சுட்டானுங்க. தருமன் மட்டும் குதிக்கல. பொட்டியக் கட்டிப் புடிச்சுகினு, 'மச்சான், உள்ள உசுரு கீது, ஆளு சாவல'ன்னு கத்தறான்...

ராஜம்மா: அப்டியா சொன்னாரு?

சகாதேவன்: அப்டித் தான் சொன்னான். அப்பவாச்சும் நான் சொல்லியிருக்கலாம். 'டேய், அது வாத்தியக் கம்பிடா, வுட்றா'ன்னு. ரெண்டு வார்த்தை. வாய் வர்ல. சொன்னா நான் பொய்யி சொன்னது தெரிஞ்சிடுமேன்னு... அந்த நேரத்துலயும் எனக்கு அதான் தோணிச்சு ராஜம்மா. அடுத்த அலையில பொட்டி மணல்ல ஒதுங்கிடுச்சு. அவன் இல்ல. பேசு. திட்டு. மூஞ்சியில காறித் துப்பு. பதினாலு நாளா உன் பக்கத்துல ஒக்காந்துகினு நானும் தேடற மாரி...

ராஜம்மா: அழாதேண்ணா.

சகாதேவன்: போ... நாளைக்குப் போயி அந்தப் பாயில ஒக்காரு. எல்லார் எதிர்லயும் சொல்லு, எங்க அண்ணன் தான் கொன்னான்னு. நான் வந்து நிக்கறேன்.

ராஜம்மா: நீ மட்டும் தான் காரணம்னு நெனச்சுகினு கீறியா? பாத்ததும் தோணிச்சுன்னு நீ ஊருக்குச் சொன்னப்பவே பொய்யின்னு தெரியும் எனக்கு. முந்தின நாளே அவரு வூட்டுக்கு வந்து சொன்னாரு, நாளைக்குப் பொணம் ஏத்தறாங்க, எனக்கு மனசு ஒப்பல, நான் போவலன்னு. நான் தாண்ணா வுடல. 'யாரோ ஒருத்தி புருசன்யா, கடல் தாண்டி வந்து செத்துக் கெடக்கான், அவ எங்க ஒக்காந்து அழுவறாளோ... இன்னா ஆனாலும் அவனைத் தண்ணில வுட்டுட்டு மட்டும் வராத'ன்னு என் தலையில அவரு கைய வெச்சு சத்தியம் வாங்கினேன். வுடவே இல்ல அவரு. எதை வுடாதன்னு சொன்னேனோ, அது இன்னா சத்தம் போடுதுன்னு நான் கேக்க வேணாமா?