செள்ளு வைத்தியம்

கோழிக்குச் செள்ளுப் பூச்சி பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், வாலுக்கு அடியில் இறகைப் பிரித்துப் பார்க்க வேண்டும் சார். எல்லோரும் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கடுகில் கால்வாசிகூட இருக்காது. விரலில் ஏறினால் ஒரு குறுகுறுப்பு. எனக்கு அதில் சிரிப்பு வந்துவிடும். இப்போதுகூட வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யோகராஜ். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். மிஷின் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுகுமலை ரோட்டில் இருக்கிற சொந்த ஊருக்கே திரும்பி, இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் என் மனைவி சொர்ணத்தாயே, நான் உள்ளே இருப்பதை மறந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

போன ஆடியில் அவளுடைய கோழிகள் கிறங்கின. கொண்டை வெளுத்து, அடைக்கு உட்கார்ந்தது முட்டையை விட்டு எழுந்து ஓடியது. பொழுதுபோகாமல் நானே பிரித்துப் பார்த்தேன். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபடி கூட்டைச் சுரண்டிக் குப்பையை எரித்தேன். இடுக்கு விடாமல் வேப்பெண்ணெய் தடவினேன். கோழிகள் புரள்வதற்குக் குழி வெட்டிச் சாம்பல் போட்டேன். முட்டை பொரிந்து புதுச் செள்ளு வருமே என்று பத்து நாள் கழித்து மறுபடியும் அதையே செய்தேன். கோழிகள் தெளிந்துவிட்டன.

அடுத்த வீட்டு மாடத்தி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கோழியையும் ஒரு எட்டு வந்து பாருங்க. கண்ணையே தொறக்க மாட்டேங்கு."

போனேன். அங்கிருந்து காளீஸ்வரன் வீடு, அங்கிருந்து வடக்குத் தெரு. வாசலில் கால் வைத்ததுமே உள்ளே குரல் கேட்கும். "ஏட்டி, யோகராஜ் அண்ணாச்சி வந்துட்டாவ, நாற்காலியப் போடு." காபி வரும். சீவல் வரும். கடம்பூர்ப் போளிகூட ஒரு வீட்டில் வந்தது. அந்த இரண்டு மாதமும் என் கால் தரையில் பாவவில்லை சார். நடந்து போகும்போதே சீட்டியடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் சீட்டியடிப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா.

பிறகு எல்லாக் கோழிகளும் குணமாகிவிட்டன.

மாடத்தி பருத்தி மூட்டையோடு என் முன்னாலேயே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடை பெஞ்ச் பழையபடி ஆனது. நான் கோபப்படவில்லை. சந்தைக்குப் போய், இருப்பதிலேயே மோசமான ஒரு செவலைக் கோழியை வாங்கி வந்து, எங்கள் காட்டிலிருந்த பழைய மோட்டார் ரூமில் விட்டேன். வைத்தியம் பார்க்கத்தான் வாங்கினேன். ஆனால் பார்க்கவில்லை. காலி தீப்பெட்டியில் அதன் இறகு இரண்டு, செள்ளு ஊருகிற தூசி கொஞ்சம். சட்டைப் பையில் மூன்று பெட்டி வைத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு நடை. பேசிக்கொண்டே கூட்டுக்குள் ஒன்றைச் செருகிவிடலாம். சின்ன வயதில் கல்யாண வீட்டில் லட்டு திருடுவேன், அதே படபடப்பு. சந்து திரும்பியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

பத்து நாளில் மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சில கோழிகள் செத்தன, உண்மைதான். காளீஸ்வரனுக்குப் பதினொன்று. மாடத்தி சுடலைமாடன் கோயில் கொடைக்கென்று நேர்ந்து விட்டிருந்த சேவலும் போய்விட்டது. அவள் அதை மடியில் வைத்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை சார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா இருக்கறதும் போயிருக்கும் அண்ணாச்சி" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

வள்ளிமயிலைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். புருஷன் இறந்ததும் இங்கே அவனுடைய வீட்டுக்கு வந்து, நாற்பது கோழி வளர்த்துப் பிழைத்தாள். ஆள் நிமிர்ந்து போகிற உயரத்துக்கு, காய்ந்த பருத்திமாரும் பனை ஓலையும் வைத்துக் கட்டிய கொட்டகை. கொழுந்தன் சோலைராஜுக்கும் அவளுக்கும் இடத்தகராறு உண்டு.

அவள் மட்டும் கூட்டைத் தானே சுத்தம் பண்ணுகிறவள். நான் வந்துபோன அன்றைக்கே பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். நேராக என் மோட்டார் ரூமுக்கே வந்தாள். செவலையைப் பார்த்தாள், வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீங்க?"

நான் செவலைக்குத் தண்ணீர் வைத்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்லல. ஞாயித்துக்கெழம ஊர் கூடுதுல்லா, நீங்களே சொல்லிருங்க. ஒங்களப் பார்த்தா பாவமா இருக்கு."

திட்டியிருந்தால் ஒன்றுமில்லை. பாவமாக இருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் எழுந்தேன். செள்ளு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். குளத்தூரிலிருந்து வந்த கோழிகள், அந்தக் கொட்டகை, அந்த ஓலை. வள்ளிமயில் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டி, "இத வச்சது இவியதான்" என்றாள். ஊரே சிரித்தது. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி இல்லாத வீடு ஏது சார். அதிகமாகச் சத்தம் போட்டது சோலைராஜ்தான். கோழிகளை வெளியே எடுத்துவிட்டுக் கொட்டகையை எரித்துவிடுவது என்று முடிவாயிற்று. பொறுப்பை யாரிடம் கொடுப்பார்கள், என்னிடம்தான் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். நல்ல காற்று. தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது, திருவிழா மாதிரி. வள்ளிமயில் கூடையோடு உள்ளே போய்ப் போய்க் கோழிகளை எடுத்து வந்தாள். அப்போதும் என்னைத் திட்டவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது அதே பார்வை பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தில் அவள் கண்ணுக்கு மட்டும் நான் அந்த டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் கூடைக்கு அவள் உள்ளே போனாள். வாசல் தெருவுக்கு மறுபக்கம், வேலியைப் பார்த்து இருந்தது. அங்கே நான் மட்டும்தான். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். ஒரே குச்சி. முப்பது வருஷம் பார்த்த வேலை. கூரையில் நான்கு இடத்தில் வைத்தேன். உள்ளிருந்து, "அண்ணாச்சி, நான் உள்ள இருக்கேன்" என்று ஒருமுறை கேட்டது. தவறுதலாக நடந்தது என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் சுபாவம் அப்படி.

சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்து, "தண்ணி, தண்ணி" என்று கத்தியது நான். முதல் குடத்தை ஊற்றியதும் நான். கொண்டியை எடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். கை பொசுங்கிவிட்டது, பாருங்கள். மாடத்தி அதில் மருந்து போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் ஒரு தப்பு செய்தீர்கள். இடத்தகராறுக்காக அவன்தான் எனக்கு முந்திக் கொளுத்தினான் என்று சோலைராஜைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நான்கு நாளாக ஊரில் சோலைராஜ் பேச்சுதான். அவன் எப்படிப் பார்த்தான், என்ன சட்டை போட்டிருந்தான், எவ்வளவு நாளாகத் திட்டம் போட்டான். டீக்கடையில் என் கையில் போட்டிருந்த கட்டைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. செய்யாத ஒருவனுக்கு இவ்வளவும் போவது நியாயமில்லை சார். அதனால்தான் இன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் நானே வந்தேன். வரும்போது டிரைவரிடமும் சொன்னேன், மாடத்திக்குப் போன் போட்டும் சொன்னேன். மனசு பஞ்சு மாதிரி இருந்தது. கழுகுமலை ரோடு முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன்.

அவ்வளவுதான். பூட்டியது நான், கொளுத்தியது நான், அவள் உள்ளே இருப்பது தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

வெளியே ஊர் மொத்தமும் வந்து நிற்கிறது என்று ஸ்டேஷன் ரைட்டர் சொல்கிறார். இப்போது ஜன்னலில் ஒரு கல்லும் வந்து விழுந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், என்னைப் பார்க்காமல் அவர்களால் ஒருநாள்கூட இருக்க முடிவதில்லை.