காயாத பூச்சு

– தொட்டுப் பாருங்க. விரல் ஒட்டுது.

– தெரியும்.

– தெரியும்னா? மூணாவது தடவைங்க இது. படகோட அடியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெசின் பூசி... மறுபடியும் ஈ வந்து ஒட்டிக்கிட்டுச் சாகுது.

– ஷெட்டுல ஈரம் ஜாஸ்தி. கதவைத் திறந்து வெச்சா காஞ்சிடும்.

– ஈரத்து மேல பழி போடாதீங்க. ரெசின்ல ஹார்ட்னரை அளவாக் கலந்தா மழைலயும் இறுகும். கலக்கலைன்னா கொளுத்தற வெயில்லயும் பிசுபிசுன்னுதான் கிடக்கும். டப்பா மேலயே போட்டிருக்கு.

– சரி.

– இந்த 'சரி'யை என்கிட்ட போடாதீங்க. மருந்துக் கடைல நிக்கிற மனுஷன். கைக்குழந்தைக்கு மருந்து ஒரு சொட்டு கூடாம குறையாம அளந்து குடுக்கற கை. ரெண்டு டப்பாவைக் கலக்கறப்ப மட்டும் நடுங்குதா?

– என்ன சொல்ல வர்றே?

– வேணும்னே பண்றீங்கன்னு சொல்றேன்.

– நான் எதுக்கும்மா வேணும்னே பண்ணணும்?

– இந்தப் படகு முடிஞ்சா நான் கிளம்பிடுவேன். அதுக்குத்தான். கல்யாணமான புதுசுல ரெண்டு பேருமா ஆசைப்பட்டு வாங்கினது, இப்படி உளுத்துப்போக விட்டுட்டுப் போக வேண்டாம், சேர்ந்தே சரிபண்ணிட்டு அவங்கவங்க வழியைப் பார்ப்போம்னு பேசினோமா இல்லையா?

– நீ பேசினே.

– நீங்க 'சரி'ன்னீங்க.

– ஆமா. சரின்னேன்.

– பட்டுன்னு. பால்காரர்கிட்ட நாளைலேர்ந்து ஒரு பாக்கெட் போதும்னு சொன்னா அவர்கூட ஏம்மான்னு கேட்பாரு.

– உன் அக்கா நேத்து கடைக்கு போன் பண்ணாங்க.

– உங்களுக்கா? எதுக்கு?

– அவங்க வீட்டு மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு உனக்குக் கட்டிலும் போட்டாச்சாம். நீ சேர வேண்டிய புது ஆபீஸ்ல இனிமே உனக்காகக் காத்திருக்க மாட்டாங்களாம். 'மாப்பிள்ளை, அந்த ஓட்டைப் படகு மூழ்கித் தொலையாதா'ன்னு கேட்டாங்க.

– நீங்க என்ன சொன்னீங்க?

– இந்த வாரம் முடிச்சுடறேன்னேன்.

– ஓஹோ. என்னை அனுப்ப அவ்வளவு அவசரம்.

– இப்பத்தான் இழுத்தடிக்கறேன்னே. இப்ப அனுப்பறேங்கறே. ஏதாவது ஒண்ணைச் சொல்லு.

– எதைச் சொல்லட்டும்? இந்த வீட்டுல பேச்சே மருந்துச் சீட்டு மாதிரி. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். முதல் தடவை ஏரியில இறக்கினப்ப நடுவுல காத்து நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா? பொழுது சாயற வரைக்கும் பேசினீங்க. என்ன பேச்சுங்க அது! அந்த ஆளை எங்கே தொலைச்சேன்னு நானும் தேடாத இடமில்ல. இந்த ஷெட்டுக்குள்ள வந்தப்புறம்தான் அப்பப்ப தலை காட்டறாரு. 'அந்த ரம்பத்தை எடு, இங்கே பிடி, பார்த்து, விரல் பத்திரம்'னு.

– மெதுவாப் பேசு.

– முடியாது. பாய் தைச்சாச்சு. கயிறு மாத்தியாச்சு. பாய்மரமும் தயாரா இருக்கு. பாக்கி இந்த அடி ஒண்ணுதான். சொல்லுங்க, நான் போகக்கூடாதுன்னுதானே கலவையைக் கெடுக்கறீங்க? ஆமான்னு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?

– கலவையை நான் கெடுக்கல.

– பின்னே தானாக் கெட்டுச்சா?

– இந்தா, இந்தக் கப்பைப் பிடி. பூசினது போக மிச்சம். இதே கலவைதான். நகத்தால கீறு.

– எதுக்கு?

– கீறேன்.

– ...கல்லாட்டம் இருக்கு.

– படகுலயும் இப்படித்தான் இறுகியிருக்கு. நேத்து ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். இறுகினதுக்கு மேல ஹார்ட்னர் கலக்காத வெறும் ரெசினைத் தடவியிருக்கு. மூணு தடவையும் அதேதான். நான் கடைக்குப் போனப்புறம்.

– யாரு தடவினாங்களாம்?

– இந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு.

– எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?

– முதல் தடவையே.

– முதல் தடவையேவா? தெரிஞ்சுக்கிட்டேவா உள்ளங்கை கொப்புளிக்கக் கொப்புளிக்கச் சுரண்டினீங்க? நிறுத்துடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏங்க சொல்லல?

– சொன்னா நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்.