முன்வரிசையில் ஒரு நாற்காலி

மயிலாப்பூரில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் கேன்டீனில் இன்றைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்க வருவார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. கீரை வடை யாரையும் ஏமாற்றியதில்லை. என் நாடகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் ஸ்ரீவத்சன். வயது ஐம்பத்து நான்கு. பகலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சோப்புக்கும் ஊறுகாய்க்கும் வாசகம் எழுதுகிறேன். மாலையில் பெண்ணியவாதி. கூட்டங்களில் பெண் விடுதலை பற்றிப் பேசுவதற்கென்று ஒரு கதர் ஜிப்பா வைத்திருக்கிறேன். அதற்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைப்பது என் மனைவி ஸ்ரீரஞ்சனி. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று ஒரு நாள் சொன்னாள். அந்த வரியை அப்படியே அடுத்த நாடகத்தில் சேர்த்துக்கொண்டேன். நல்ல கைதட்டல் வந்தது. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த நாடகத்தின் பெயர் 'சொல்லாட்சி'. மேடையில் இரண்டு பெண்கள் மட்டும். ஆண் கிடையாது, ஆணின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். அந்தப் பெண்களுக்குத் தெரிந்த சொற்களெல்லாம் அந்தக் குரல் கற்றுக்கொடுத்தவை. கடைசிக் காட்சியில் ஒருத்தி அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக இழந்து, சொல்லே மிச்சமில்லாமல் நிற்க வேண்டும். புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், பார்த்தவர்களுக்கும் அப்படித்தான். ஆதிக்கம் செய்யும் அந்த ஆண் குரலுக்குப் பொருத்தமான ஆளைத் தேடிக் கொஞ்ச நாள் அலைந்தோம். கடைசியில் நானே பேசிவிட்டேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகையின் முதல் வாரம் வசனத்தைத் தொடமாட்டோம். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, இதுவரை வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டத்தில் சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது. அந்த விதியைப் போட்டவன் நான். என் முறை வந்தபோது, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனின் பேனாவைத் திருடியதைச் சொன்னேன். வருஷா வருஷம் அதைத்தான் சொல்வேன்.

நீரஜா சொன்னது வேறு மாதிரி. அவளை அழைத்து வந்தவள் எங்கள் பழைய நடிகை சிம்ரா. இருவரும் ஒரே பள்ளியில் பாடம் எடுத்தவர்கள். நீரஜாவின் கணவர் ஸ்ரீகிருஷ்ணா, ராஜா அண்ணாமலைபுரத்தில் பேர் சொன்னால் தெரியும் ஆடிட்டர். கேட்டால் மட்டும்தான் மனைவி பேச வேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். மீறினால் என்ன ஆகும் என்று நீரஜா சொல்லவில்லை. புடவைத் தலைப்பை முழங்கை வரை இழுத்து விட்டுக்கொண்டாள். கோடையில் ஒரு நாள் கட்டிய புடவையோடு கிளம்பி, நந்தனத்தில் சிம்ராவின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவர் கத்தவே மாட்டார் சார். தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். எனக்கு நாக்கு ஒட்டிண்டுடும். ஒரு வார்த்தை வராது" என்றாள்.

வட்டத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நான் கடைசிக் காட்சியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிம்ரா என்னைத் தனியாக அழைத்து ஒரு நிபந்தனை போட்டாள். போஸ்டரில் நீரஜாவின் பெயரோ படமோ வரக்கூடாது. "அவ எங்க இருக்கான்னு அந்தாளுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான் சார். இந்தத் தடவ உயிரோட விடமாட்டான்." நான் அவள் தலையில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். போஸ்டரில் 'ஒரு பெண்' என்று மட்டும் போட்டோம். அது நாடகத்துக்கே ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது. யோசனை என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

நீரஜா நன்றாக நடித்தாள். கடைசிக் காட்சியில் மட்டும் மாட்டிக்கொண்டோம். அவள் சும்மா இருந்தாளே தவிர, மௌனமாக இல்லை. மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுகிறாள் என்பது உதட்டிலேயே தெரிந்தது. நான் திட்டினேன், கெஞ்சினேன், பெண்ணின் மௌனம் என்றால் என்ன என்று ஒரு பெண்ணுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் பயந்தப்போ இப்படி அழகா நிக்கலை சார். பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுண்டு பேசிண்டே இருப்பேன். பேச்சு மறந்துடக் கூடாதுன்னு. அதைப் போடலாமா?"

இப்போது யோசித்தால், முழு நாடகத்திலும் அதுதான் உருப்படியான யோசனை. அப்போது எனக்குச் சுருக்கென்றது. மேடையில் குளியலறை கட்ட நம்மிடம் வசதி இல்லை என்று சிரித்து மழுப்பினேன். உண்மை என்னவென்றால், அந்தக் காட்சியை நான் எழுதவில்லை. என்னால் எழுதவும் முடியாது. ஐம்பத்து நான்கு வயதில் இதை ஒரு புதுமுகம் வந்து காட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது மேடம்.

ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அழைப்பிதழ் அனுப்பினேன். அடையாறு, தி. நகர் என்று பல பிரமுகர்களுக்கும் அனுப்புவது வழக்கம்தான். சரி, அழைப்பிதழோடு நிற்கவில்லை, ஃபோனும் செய்தேன். ஆடிட்டர்களின் எண் கிடைப்பது சிரமமே இல்லை. உங்கள் மனைவி பிரமாதமாக நடிக்கிறார், நீங்கள் பார்க்காமல் இருக்கலாமா என்றேன்.

அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "ரொம்ப தேங்க்ஸ் சார். அவ எங்க இருக்கான்னே தெரியாம தவிச்சிண்டிருந்தேன். நீங்க தெய்வம் மாதிரி" என்றார். மேக்கப் ரூமுக்கு எப்படி வருவது என்று கேட்டார். பின்பக்கச் சந்து வழியாக வரலாம் என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதை.

சனிக்கிழமை முதல் காட்சி. முன்வரிசையில் நட்டநடுவே அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். கடைசிக் காட்சியில் மேடை வெளிச்சம் கொஞ்சம் அந்த நாற்காலியிலும் விழும்படி விளக்கைத் திருப்பி வைத்தேன். விளக்கு போடும் கபாலி ஏன் என்று கேட்டான். பார்வையாளனும் நாடகத்தின் பகுதிதான் என்றேன். அவனுக்கு என்னிடம் கேள்வி கேட்டே பழக்கமில்லை, பாவம், விட்டுவிட்டான். இன்னொரு பெண்ணாக நடிக்கும் சிம்ரா அந்தக் காட்சியில் திரைக்குப் பின்னால் நிற்பாள். முன்வரிசை அவளுக்குத் தெரியாது. அதையும் பார்த்துக்கொண்டேன்.

வெளிச்சம் விழுந்தது. ஸ்ரீகிருஷ்ணா தொண்டையைக் கனைத்தார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்வார் என்று நம்பினேன்.

நீரஜா நின்றாள். உதடு எண்ணவில்லை. கண் இமைக்கவில்லை. கபாலி என் காதருகே வந்து, "இன்னா சார், அந்தம்மா அப்டியே நின்னுக்கினு கீது, லைட்ட அணைச்சிரவா?" என்றான். தொடாதே என்றேன். அவள் காலடியில் மேடை நனைந்தது. மறுநாள் ஒருவர் முகநூலில், 'அந்த நீர்ப் படிமம் தமிழ் நாடகத்தில் ஒரு திருப்பம்' என்று எழுதியிருந்தார். நான் அதற்கு லைக் போட்டேன்.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. என் நாடகத்துக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. நடுவில் எழுந்து போனவர்கள் உண்டு. விளக்கு அணைந்ததும் நீரஜா பின்பக்கம் ஓடினாள். சிம்ரா மேடைக்கு வந்து வணங்கிக்கொண்டிருந்தாள். நான் கைதட்டலைப் பதிவு செய்ய எடுத்த ஃபோனோடு நீரஜாவின் பின்னால் போனேன். பாராட்டத்தான்.

சந்தில் அவருடைய கார் நின்றது. நீரஜாவின் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"சார், சிம்ராவைக் கூப்பிடுங்கோ. நான் போக மாட்டேன் சார். இவர் என்னைக் கொன்னுடுவார். சார், பார்த்துண்டு நிக்கறேளே."

அதற்குப் பிறகும் பேசினாள். அவர் என்னென்ன செய்தார் என்று ஒவ்வொன்றாக, வட்டத்தில்கூடச் சொல்லாததையெல்லாம் உரக்கச் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஒத்திகையில் ஒரு நாளும் வராத குரல். ஃபோனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். அவர் மறுபடி கனைத்தார், அவளை உள்ளே தள்ளிக் கார் கதவைச் சாத்தினார். "வரட்டுமா சார்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

மேடையில் நேர்ந்த அவமானத்தில் நீரஜா அசோக் நகரில் அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டதாக சிம்ராவிடம் சொன்னேன். நானே ஆட்டோ ஏற்றிவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். சிம்ரா பல முறை நீரஜாவுக்கு ஃபோன் செய்தாள், அணைத்து வைத்திருந்தது. ஞாயிறு மாலை, நீரஜா வரவில்லையாம், அத்தையின் ஃபோனில் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள், கடைசிக் காட்சியில் அதையே போட்டுக்கொள்ளலாம் என்றேன். எனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று அன்றுதான் தெரிந்தது.

ஞாயிறு பகல் முழுக்க அந்தப் பதிவைச் சீர் செய்தேன். காரின் சத்தத்தைக் குறைத்தேன். அவருடைய கனைப்பை எடுத்துவிட்டேன். சிம்ராவின் பெயரையும் 'சார்' என்று வந்த இடங்களையும் வெட்டினேன், அவை நாடகத்துக்குப் பொருந்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஸ்ரீரஞ்சனி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனாள். அந்த மதியம் வரை நீரஜாவுக்கு உயிர் இருந்திருக்கிறது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள்.

அன்று இரவு இரண்டாவது முறை நாடகம் போட்டபோது, முன்பகுதியை சிம்ரா தனியாகச் சமாளித்தாள், கடைசிக் காட்சியில் மேடை காலியாக இருந்தது. நீரஜாவின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. அரங்கத்தில் பல பேர் அழுதார்கள். திரையை விலக்கிக்கொண்டு சிம்ரா நடந்து வந்தாள். அது நாடகத்தில் கிடையாது.

"இது அனுப்பின குரல் இல்ல. பின்னாடி கார் ஓடுது. எங்க எடுத்தீங்க சார் இத? அவ எங்க?"

ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் மேடையில் நின்றபடியே போலீசுக்கு ஃபோன் செய்தாள். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் குரல் உடைந்து ஸ்ரீகிருஷ்ணா வீட்டு முகவரியைச் சொன்னபோதுதான் முன்வரிசையில் யாரோ ஒருவருக்கு விளங்கி, கையைக் கீழே இறக்கினார்.

நீரஜாவை அடித்துக் கொன்றது நானில்லை. ஆனால் அவள் இருக்கும் இடத்தைச் சொன்னது நான், நாற்காலி போட்டது நான், ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காதவனும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று. கார் கதவு எட்டும் தூரத்தில் நின்றும் ஏன் தடுக்கவில்லை, இதயமே இல்லையா என்று கேட்டீர்கள். அது நியாயமில்லை மேடம். ஒரு பெண் தன் சொந்தக் குரலில் முதல் முறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் ஆண் புகுந்து குறுக்கிடுவது என் கொள்கைக்கு விரோதம்.