மேல்புச்சாங்கில் எத்தனை அடுப்பு?

— கிழங்கு விஷயத்தை எழுதிட்டீங்களா அம்மணி?

— இல்லைங்க பாக். படிவத்துல அதுக்கு இடமில்லை.

— இடமில்லைன்னா ஓரத்துல எழுதுங்க. மேல்புச்சாங்ல ஒருத்தன் மரவள்ளியைப் பிடுங்க, கீழ்புச்சாங்ல ஒரு வீட்டு அடுப்பு ஆடுச்சுன்னா அது சின்ன விஷயமா? கிழங்கு அங்கவரைக்கும் இறங்கியிருக்கு. அவங்க அடியில வெட்டி வறுத்துத் தின்னுட்டாங்க. இங்க இழுத்துக்கிட்டிருந்தவன் மல்லாக்க விழுந்தவன்தான், இன்னிக்கும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறான். நான் கூட்டிச் சொல்றதில்லை.

— பாக், நான் விந்தார்த்தி. வட்டார ஆபீஸ்லேருந்து ஊர் விவரம் எழுத வந்திருக்கேன். கிழங்கு எவ்வளவு நீளம்னு வேண்டாம். எவ்வளவு பரப்புல போட்டிருக்கீங்க, அதைச் சொல்லுங்க.

— பரப்பா? மலை இப்படி நட்டுக்க நிக்குதே, இதுல பரப்பு எங்க இருக்கு? உயரம்னு வேணா போட்டுக்கோங்க.

— சரி. அடுத்தது. கோழி?

— கோழி இருக்கு. முட்டைதான் இல்லை.

— ஏன்?

— போட்ட உடனே உருள ஆரம்பிச்சுடும். பின்னாடியே ஓடுவோம். நாங்க கீழ்புச்சாங் போய்ச் சேர்றதுக்குள்ள அது பொரிஞ்சு, வளந்து, கூவிக்கிட்டு நிக்கும். அந்த ஊர்ல இருக்கிற சேவல் பூரா எங்க சேவல். கேட்டா, ‘எங்க வாசல்ல நின்னு கூவுது, அப்ப எங்களுது’ம்பாங்க. என்ன பண்றது சொல்லுங்க.

— கீழ்புச்சாங்காரங்களைக் கண்டாலே ஆகாதா உங்களுக்கு?

— மத்தவங்களை விடுங்க. அந்த ஊர்த் தலைவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, வடிகட்டின கள்ளன். வாயைத் திறந்தா பொய். காப்பி ஆறுது, குடிங்க.

— குடிக்கிறேன். எருமை எத்தனை?

— பதினொண்ணு. அதுல ஒண்ணு இப்ப யாரோடயும் பேசறதில்லை.

— எருமை பேசாதா?

— வளத்த பையன் சுரபாயாவுக்கு வேலைக்குப் போயிட்டான். போன்ல கூப்பிட்டா, அம்மாகிட்டப் பேசறதுக்கு முன்னாடி எருமைகிட்டக் குடுங்கறான். போனைக் கொண்டுபோய் அது முகத்துக்கு நேரா காட்டினா, தலையைத் திருப்பிக்குது. கோவம். விட்டுட்டுப் போனான்ல.

— இளவட்டங்க நிறையப் பேர் போயிட்டாங்களோ?

— போனா என்ன, பெருநாளைக்கு வருவாங்க. அதை எழுதாதீங்க.

— மலை இப்படிப் புகையுதே, ஆபத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?

— அது தும்மும். தும்மினா ‘நூறு’ன்னு சொல்லுவோம், அடங்கிடும். ஒருதரம் சொல்ல மறந்துட்டோம். மூணு நாள் சாம்பல். ஆனா அந்த வருஷம் பூரா ஊர்ல எவனும் பல்பொடி வாங்கலை.

— பாசனம்?

— ஊத்துத் தண்ணி. மேல ஒரு மதகு, அதுக்கு ஒரே ஒரு சாவி. அதை வச்சிருக்கிறவன் ஒரு மாதிரி ஆளு. வெயில் காலத்துல திறக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயலா இறங்குவான். மண்ணைக் கிள்ளி நாக்குல வச்சுப் பாப்பான். எது ரொம்பக் காஞ்சிருக்கோ அதுக்கு முதல்ல தண்ணி. சொந்த மச்சினன் வயலா இருந்தாலும் ஈரம் இருந்தா காத்துக்கிட்டு இருக்கணும். ரெண்டு ஊருக்கும் அதே கணக்கு.

— இதுவும் கிழங்கு மாதிரிதானா?

— இதை நீங்க நம்பலாம். ருசி இல்லாத சமாசாரம், எதுக்குப் பொய் சொல்றேன்?

— சரி பாக். இப்ப முக்கியமான கட்டம். மேல்புச்சாங்ல எத்தனை குடும்பம்?

— முப்பது.

— யோசிக்கக்கூட இல்லையே நீங்க.

— யோசிக்க என்ன இருக்கு? நீங்க எதுக்கு மலையேறி வந்தீங்கன்னு தெரியாதா? இப்ப வந்திருக்கிற புதுச் சட்டத்துல முப்பதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் மேல்புச்சாங்ங்கிற பேரு அடுத்த வருஷம் காகிதத்துல இருக்காது. கீழ்புச்சாங்கோட ஒட்டிடுவீங்க. ஒரே ஊரு, ஒரே தலைவர். மதகுச் சாவி கீழ இறங்கிடும்.

— அது மேலிடத்து முடிவு பாக். நான் எண்ண மட்டும்தான் வந்தேன்.

— எண்ணிக்கோங்க. முப்பது.

— எண்ணிட்டேன். காலையில எதிர்மேட்டுல வண்டியை நிறுத்தி, புகை வர்ற கூரையை ஒண்ணொண்ணா எண்ணினேன். இருபத்தாறு அடுப்பு.

— மீதி நாலு வீட்டுல இன்னிக்கு நோன்பு. திங்கள், வியாழன் பிடிப்பாங்க.

— இன்னிக்குச் செவ்வாய்.

— வியாழனோடதை இப்பவே பிடிச்சுடுவாங்க. அவ்வளவு பக்தி.

— நாலு வீட்டுக் கதவையும் தட்டிப் பாத்துடலாமா?

— தட்டலாம். யாரு திறக்க? நடவு நாளு. ஊரே வயல்ல குனிஞ்சு நிக்குது. இந்த வீட்டம்மாகூட நாத்துக்கட்டைத் தூக்கிக்கிட்டுப் போயாச்சு.

— ஆபீஸ்ல இருக்கிற குடும்ப அட்டையும் இருபத்தாறுதான் பாக்.

— அட்டையை எலி தின்னும். இங்க எண்ணறது பொட்டலத்தை வச்சு.

— விருந்துப் பொட்டலமா?

— அதேதான். உங்க பக்கம் உண்டுதானே?

— எங்கம்மா ஊர்ல உண்டு. துவா ஓதி முடிஞ்சதும் மாமா தூக்கிட்டு வருவார். நாங்க வாசல்லயே உக்காந்திருப்போம்.

— அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா? வீட்டுக்கு ஒரு ஆம்பளை, வீட்டுக்கு ஒரு பொட்டலம். வரமுடியாதவன் வீட்டுக்கு நடந்துபோய்க் குடுக்கணும். ஒரு வீட்டை விட்டுட்டா அவன் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவான். அதனால இங்க பொம்பளைங்க எண்ணினா தப்பே வராது. போன வாரம் நடவு விருந்து. முப்பது வாழையிலை, முப்பது துண்டு கோழி, முப்பது அவிச்ச முட்டை.

— முட்டையெல்லாம் உருண்டு போயிடும்னீங்களே.

— வாங்கினது. கீழ்புச்சாங்ல.

— பாக், என்னைச் சிரிக்க வைக்காதீங்க. பேனா ஓடலை. நான் உள்ளதைச் சொல்லட்டா? இந்த ஊர் பேரை அழிக்க எனக்கும் மனசு இல்லை. ஆனா தப்பா எழுதினா, அடுத்த மாசம் சரிபார்க்க வேற ஒருத்தர் வருவார். என் வேலையும் போகும், உங்க பேரும் போகும். அந்த நாலு வீடு எங்க இருக்கு? ஒண்ணையாவது காட்டுங்க.

— அந்த மூங்கில் புதருக்குப் பின்னாடி மேகம் இறங்கியிருக்கு பாருங்க. அதுக்குள்ள ஒண்ணு இருக்கு.

— மேகம் எப்ப விலகும்?

— சொல்ல முடியாது. கடைசியா விலகினப்ப அந்த வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம். இப்ப அவளுக்குப் பேரன் இருக்கானாம்.

— போதும் பாக். அதோ யாரோ சேறும் சகதியுமா வர்றாரே, அவரைக் கேக்கிறேன்.

— ஐயோ, அவனையா? வேண்டாம் அம்மணி. பாவம், வெயில்ல நின்னு நின்னு மூளை கலங்கிடுச்சு. எதைக் கேட்டாலும் ‘இருபத்தாறு’ன்னுதான் சொல்லுவான்.

— பாக் சதிமின்! மூணு வயலையும் சுத்தி வந்துட்டேன், எந்த வரப்பும் உடையலையே! நீங்கதானே ‘ஓடு, ஓடு, தண்ணி போகுது’ன்னு விரட்டினீங்க? அடடே, வட்டார ஆபீஸ் அம்மாவா! சலாம்மா. கையெல்லாம் சேறு, தப்பா நினைக்காதீங்க. நான் ரெபோ, இந்த ஊர்த் தலைவன். நம்ம வீட்டுலயே உக்கார வச்சுட்டாரா? நல்லதாப் போச்சு.

— நீங்க தலைவரா? அப்ப ஒரு மணி நேரமா எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கிற இவர் யாரு?

— இவரா? இவரு கீழ்புச்சாங் தலைவரும்மா. ஏன், சொல்லலையா?

— சொன்னேன் ரெபோ. வடிகட்டின கள்ளன்னே சொன்னேன். அம்மணிதான் எழுதிக்கலை.

— பாக் ரெபோ, உங்களை ஒரே ஒரு கேள்வி கேக்கிறேன். இந்த ஊர்ல எத்தனை குடும்பம்?

— அது வந்து… இருபத்தாறும்மா.

— நான் சொன்னேன்ல அம்மணி? வெயில்.

— இருங்க பாக் சதிமின். உள்ளதைத்தானே சொல்லணும்? போன வருஷம் இருபத்தெட்டு. கார்த்தோ குடும்பத்தோட சுமத்ராவுக்குப் போயிட்டான். கிழவி துகினா மகளோட போயிட்டா. இப்ப இருபத்தாறு. அதுதானே உண்மை?

— தம்பி, இந்த வாய்க்காகத்தான்டா உன்னை வரப்புக்கு அனுப்பினேன். இன்னும் அரை மணி நேரம் சுத்தியிருக்கக் கூடாதா?

— பாக் சதிமின், எனக்கு ஒண்ணு புரியலை. ரெண்டு ஊரையும் சேத்தா தலைவர் நீங்கதான். சாவி உங்க கைக்குத்தான் வரும். உங்களுக்கு வர்ற சாவியைத் தடுக்கவா இவ்வளவு பொய்யும்?

— சாவி கனம் அம்மணி. நாலு ஆள் சேந்து தூக்கணும்.

— விளையாடாதீங்க. இதுக்காவது நேராப் பதில் சொல்லுங்க.

— சரி. எனக்கு மூணு மருமகன், ரெண்டு மச்சினன். அஞ்சு பேருக்கும் ஒரே வாய்க்கால்ல வயல். இப்ப தண்ணி லேட்டா வந்தா, அஞ்சு பேரும் ஒண்ணா நின்னு மேல பாத்து ரெபோவைத் திட்டுவாங்க. நானும் சேந்து திட்டுவேன். திட்டி முடிச்சுட்டு ஒண்ணா உக்காந்து காப்பி குடிப்போம். சாவி என் கையில இருந்தா, மூத்தவனுக்குத் திறந்தா நடுவுலவன் பேசமாட்டான். மச்சினனுக்குத் திறந்தா என் பொண்ணு வீட்டுக்கு வரமாட்டா.

— அதுக்காக ஒரு ஊரையே…

— இன்னும் முடியலை. எங்கப்பா காலத்துல ஒரே ஒரு கோடை சாவி கீழ இருந்தது. மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு மதகுக்குப் போன எங்க சித்தப்பாவைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தாங்க. அடிச்சது வேத்தாள் இல்லை, அவரு சம்பந்தி. அதுக்கப்புறம்தான் பெரியவங்க கூடி, ‘நம்ம கைக்கு இது ஆகாது’ன்னு மேல கொண்டுவந்து குடுத்தாங்க.

— பாக் ரெபோ, இது…

— இது நிஜம்மா. அவரைப் புதைச்ச கபர் மதகுகிட்டத்தான் இருக்கு. நான் தண்ணி திறக்கப் போறப்ப ஒரு சலாம் சொல்லிட்டுத்தான் திறப்பேன்.

— எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா தலைவரே இருபத்தாறுன்னு சொன்னப்புறம் நான் என்ன எழுத முடியும்?

— எழுதிக்கோங்கம்மா. அதுல உங்க தப்பு ஒண்ணுமில்லை.

— ஒண்ணு மட்டும் கேக்கிறேன் பாக் ரெபோ. போன வாரம் விருந்துல முப்பது பொட்டலம்னு இவர் சொன்னார். அதுவும் மேகத்துக்குள்ள இருக்கிற வீடு மாதிரிதானா?

— இல்லைம்மா, அது சரிதான். முப்பது. என் சம்சாரம்தான் எண்ணிக் கட்டினா, நானும் எண்ணிப் பாத்தேன்.

— இருபத்தாறு வீட்டுக்கு எதுக்கு முப்பது?

— அம்மணி, காப்பி சுத்தமா ஆறிப்போச்சு. ரெபோ, அடுப்பை மூட்டி…

— பாக் சதிமின், அவர் சொல்லட்டும்.

— அது வந்தும்மா… வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சரிவுல நாலு வீடு இருக்கு. காகிதத்துல கீழ்புச்சாங். ஆனா கீழ இருந்து அங்க போகணும்னா பாலத்தைச் சுத்திப் போகணும். நமக்கு ஒரு தாண்டு. அவங்க வீட்டுல மவுத்துன்னா குழி வெட்ட நம்மாளுங்கதான் போறோம். நம்ம நடவுக்கு அவங்க வந்து குனியறாங்க. பொட்டலம் எப்பவும் நம்மகிட்டத்தான். எங்க பொட்டலம் வாங்குறானோ அவன் அந்த ஊர்க்காரன், இங்க அப்படித்தானே? ஆனா அட்டை வேற மாதிரி சொல்லுது. அதனாலதான் நான் சேத்துச் சொல்லலை.

— அட்டையை மாத்தலாமே பாக்! குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டா போதும், படிவம் எங்கிட்டயே இருக்கு. கீழ்புச்சாங்ல அறுபதுக்கு மேல இருக்கு, நாலு குறைஞ்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னிக்கே போடணும். நாளைக்குக் கணக்கு மூடிடுவாங்க. அந்த நாலு பேரையும் கூப்பிடுங்க.

— மூணு பேரு அந்தா, நம்ம வயல்லதான் நடறாங்க. ஒரு குரல் குடுத்தா வந்துடுவாங்க.

— நாலாவது?

— நாலாவது ஆளை நான் கேக்கமாட்டேம்மா.

— ஏன், சண்டையா?

— சண்டையெல்லாம் இல்லை. அவருக்குச் சொந்தமா இருக்கிறது கல்லு மண்ணு சரிவுதான். சோறு போடறது பதவியோட ஊர் குடுத்த வயலு. அட்டையை மாத்தினா பதவி போகும், பதவி போனா வயலும் போகும். நேத்துத்தான் அதுல நட்டு முடிச்சாரு. அவரை எந்த வாயால நான் கேக்கிறது?

— பேனாவைக் குடுங்க அம்மணி. எழுதிக்கோங்க, நாலாவது வீடு: சதிமின், விவசாயி, கீழ்புச்சாங் தலைவரா இருந்தவன், நேத்து வரைக்கும்.